கையுறையும் கைப்பணமும்

குத்துச்சண்டை என்ற சொல்லைக் கேட்டதும் தாய்மார் முகம் சுளித்த காலம் ஒன்று இருந்தது. மூக்குடைந்த முரடர்கள் பழகும் வித்தை அது என்பதே அக்காலத்து அபிப்பிராயம். இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களும் குத்துச்சண்டைக் களத்தில் இறங்கினர். இரு பிள்ளைகளின் தாயான மணிப்பூர் மேரி கோம் அங்கே வெண்கலப் பதக்கம் பெற்றார். 2021இல் வெளியான ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் திரைப்படம் வடசென்னையின் பழைய குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதையைத் தமிழர் வீடுகள்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. உடல் இளைக்கவும் மனச்சுமை இறங்கவும் தற்காப்புக்கும் உகந்த அப்பியாசம் இதுவே என்று வைத்தியர் முதல் அலுவலக நண்பர் வரை பலரும் சொல்லத் தொடங்கிவிட்டனர். ஆகவே, வேலை முடிந்து வரும் இளைஞரும் யுவதியரும் மாலையில் கையுறை மாட்டிக்கொள்வதைக் கண்டு இப்போது எவரும் வியப்பதில்லை.

இந்த ஆசையை வணிகர்களும் கண்டுகொண்டார்கள். பெருநகரங்களில் புதுவகைக் குத்துச்சண்டைக் கூடங்கள் தோன்றியுள்ளன. 2017இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்ட ‘ரம்பிள்’ இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஒரு வகுப்பு 45 நிமிடம்; அதற்குள் பத்துச் சுற்றுகள். வகுப்பில் பாதிப் பேர் நீர் நிரப்பிய பைகளைக் குத்த, மறு பாதியினர் பளு தூக்கிப் பயிற்சி செய்வர். பிறகு இடம் மாறுவர். மங்கிய விளக்கு, உரத்த இசை. ஆளோடு ஆள் மோதுவது இல்லை. வியர்வை சிந்திக் களித்து வீடு திரும்ப விரும்புகிறவர்களுக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இத்தகைய கூடங்களின் பளபளப்பான படங்கள் கைத்தொலைபேசி வழியாக எஹலியகொடைத் தோட்ட லயங்களுக்கும் இன்று வந்துசேருகின்றன. அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போய் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அவற்றைக் கண்டு ஆசைப்படுவது இயல்பே.

ஆசை ஏமாற்றமாக முடிவதுதான் நாம் இங்கே பேச வந்த விஷயம். எம்மிடம் படித்து இப்போது தலைநகரில் ஒரு காரியாலயத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் தம் அனுபவத்தை அண்மையில் விவரித்தார். முதல் நாள் இலவச வகுப்பு. அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று, கால் வைக்கும் விதத்தையும் கை மடக்கும் விதத்தையும் பொறுமையாகக் காட்டினார். அதில் மயங்கி, ஆறு மாதத்துக்குச் சேர்ந்தால் சலுகை என்ற வாசகத்தின் கீழ் இளைஞர் ஒப்பமிட்டார். கட்டணம் மாதந்தோறும் வங்கி அட்டையிலிருந்து தானாகவே கழியும் என்பது ஏற்பாடு. அடுத்த வாரம் போனபோது அந்த ஆசிரியரைக் காணவில்லை. வேறொருவர் முன்னால் நின்று உரத்த குரலில் எண்களைச் சொல்ல, இருபத்தைந்து பேர் பைகளைக் குத்தினார்கள். இவர் குத்துவது சரியா பிழையா என்று பார்க்க ஆளில்லை. மூன்றாம் வாரம் மணிக்கட்டில் வலி கண்டது. மாலை வகுப்புக்கு இடம் கேட்டால், நிரம்பிவிட்டது என்ற பதிலே பெரும்பாலும் கிடைத்தது. மெல்ல மெல்லப் போவது நின்றது. கட்டணம் கழிவது மட்டும் நிற்கவில்லை. ஆறு மாதம் முடிந்தும், விலகுவதாக எழுத்தில் அறிவிக்கவில்லை என்பதால் மேலும் இரண்டு மாதக் கட்டணம் போய்விட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, “என்னிடம்தான் ஒழுங்கில்லை, சேர்” என்று அவர் முடித்தார். பணம் போனது ஒருபுறமிருக்க, குற்றமெல்லாம் தம்முடையதே என்று அவர் நம்பிவிட்டதுதான் எம்மைச் சிந்திக்க வைத்தது. அவர் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் மாறுவது, கூட்டம் மிகுவது, திருத்துவார் இல்லாதது, விலக முடியாதது: இவை ஒரு கூடத்திலோ ஒரு நாட்டிலோ மட்டும் காணும் குறைகளல்ல. உலகெங்கும் ஒரே மாதிரியான முறைப்பாடு எழுமானால், அதற்கு ஒரு பொதுக் காரணம் இருந்தாக வேண்டும்.

வராதவர் தரும் வருமானம்

அக்காரணத்தை அறிய ஓர் ஆராய்ச்சி உதவுகிறது. ஸ்டெபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர், அமெரிக்காவில் மூன்று தேகப்பயிற்சி நிலையங்களைச் சேர்ந்த 7,752 அங்கத்தவரின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். மாதச் சந்தாவாக 70 டொலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரி 4.3 தடவையே நிலையத்துக்கு வந்திருந்தார்கள். அதாவது ஒரு வருகைக்கு 17 டொலருக்கு மேல் விலை கொடுத்தார்கள். அதே நிலையங்களில் பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டொலரே ஆகியிருக்கும். இன்னொன்றையும் அவர்கள் கண்டனர். கடைசியாக நிலையத்துக்கு வந்த நாளுக்கும் சந்தாவை முறையாக நிறுத்திய நாளுக்கும் இடையே சராசரி 2.3 மாதம் கழிந்திருந்தது. அத்தனை நாளும் பணம் போய்க்கொண்டே இருந்தது.

இதற்குச் சோம்பல் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சந்தாவில் ஒப்பமிடும்போது மனிதன் இன்றைய தன்னைக் கணக்கில் எடுப்பதில்லை. நாளை எழுந்து நடமாடப்போகும் உற்சாகமான ஒருவனை எண்ணியே ஒப்பமிடுகிறான். அந்த நாளைய மனிதனுக்கு மேலதிக நேர வேலை இல்லை, பஸ் நெரிசல் இல்லை, அடைமழை இல்லை. இரத்தினபுரி மாவட்டத்தின் மழையை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கணக்கை நம் ரூபாவில் போட்டுப் பார்ப்போம். ஒரு கூடத்தின் மாதச் சந்தா 10,000 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் பன்னிரண்டு நாள் போனால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 833 ரூபா. நான்கே நாள் போனால் ஒரு நாளைக்கு 2,500 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மலையில் கொழுந்து பறிக்கும் தாய், பால்மரம் வெட்டும் தகப்பன் ஆகியோரின் ஏறத்தாழ இரண்டு நாள் உழைப்பு, பிள்ளையின் ஒரு மாலைப் பயிற்சிக்குச் சமமாகிறது. நகரவாசிக்குச் சிறிதாகத் தோன்றும் தொகை எல்லா வீட்டுக்கும் சிறிதல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

இனிக் கூடத்தின் பக்கத்திலிருந்து பார்ப்போம். கட்டட வாடகை, மின்சாரம், குளிரூட்டி ஆகியவற்றின் செலவு, ஐந்து பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் பெரிதும் மாறுவதில்லை. ஒரு வகுப்பில் இருபது பைகள், மாலையில் மூன்று வகுப்புகள் என்றால் அறுபது பேருக்கு இடமுண்டு. ஆனால், சந்தா வாங்குவதற்கு அத்தகைய எல்லை இல்லை. முந்நூறு பேரைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். முந்நூறு பேரும் வாரம் மூன்று மாலை வந்து நின்றால் கூடம் தாங்காது. பெரும்பாலோர் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையிலேயே கணக்கு நிற்கிறது. அவிசாவளையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதப் பருவகாலச் சீட்டு வாங்குகிறவர் வேலைக்குப் போயே ஆக வேண்டும். வாங்கிய சீட்டை அவர் பயன்படுத்தியே தீருவார். பயிற்சிக்கூடச் சந்தாவோ பயன்படுத்தாமலே கரையக்கூடியது. வராதவரிடம் வாங்கும் பணத்தில் வாழும் நிலையத்துக்கு, வருகிறவரைத் திருத்தி வளர்ப்பதில் அக்கறை குறைவது வியப்பன்று.

நீதிமன்றம் ஏறிய சந்தாக்கள்

இந்த வியாபார முறை பல நாடுகளில் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. இங்கிலாந்தில் ‘ஆஷ்போர்ன்’ என்னும் நிறுவனம் பல பயிற்சி நிலையங்களுக்காக அங்கத்தவரிடம் பணம் வசூலித்துவந்தது. அதன் ஒப்பந்தங்கள் பற்றி 2011இல் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதாரண நுகர்வோர், தாம் எவ்வளவு தடவை நிலையத்துக்குப் போவோம் என்பதை மிகைப்படுத்தியே மதிப்பிடுகின்றனர் என்பதையும், அந்த அனுபவமின்மை நீண்டகால ஒப்பந்தங்களில் பயன்படுத்திக்கொள்ளப்பட்டது என்பதையும் நீதிபதி சுட்டினார். அங்கத்தவரை ஓராண்டுக்கு மேல் கட்டிப்போட்ட அந்நிபந்தனைகள் நியாயமற்றவை என்று தீர்ப்பாயிற்று.

2020இல் கொள்ளைநோய்க் காலத்தில், நியூயோர்க்கில் பல கிளைகளை நடத்திய ‘டவுன் ஸ்போர்ட்ஸ் இன்டர்நஷனல்’ மீது அம்மாநிலச் சட்டமா அதிபர் வழக்குத் தொடர்ந்தார். மூடிக்கிடந்த கிளைகளுக்கும் கட்டணம் அறவிட்டது என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2025 ஓகஸ்டில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, ‘எல். ஏ. பிட்னஸ்’ நிலையங்களை நடத்துவோர் மீது வழக்குத் தாக்கல் செய்தது. சேருவது எளிதாயிருக்க, விலகுவதற்கு மட்டும் படிவம் அச்சிட்டுக்கொண்டு குறித்த ஓர் ஊழியரை நேரில் காண வேண்டும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று அலைக்கழித்தார்கள் என்பது ஆணைக்குழுவின் குற்றச்சாட்டு.

அண்டை நாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. மும்பாயில் 1932இல் வேரூன்றிய தல்வால்கர்ஸ் தேகப்பயிற்சி நிறுவனம் 2010இல் பங்குச் சந்தைக்கு வந்து, நகரந்தோறும் கிளை பரப்பியது. 2019இல் கடன் வட்டியைக் கட்ட இயலாமல் தடுமாறியது. கிளைகள் பல மூடப்பட்டன. ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே செலுத்தியிருந்தவர்கள் பூட்டிய கதவின் முன் நின்றார்கள். நெடுங்காலப் புகழ் பெற்ற பெயர்கூட முன்பணத்துக்கு உத்தரவாதமாகாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

வாத்தியாரின் கண்

பணக்கணக்கு எல்லாப் பயிற்சி நிலையங்களுக்கும் பொதுவானது. குத்துச்சண்டைக்கு மட்டும் உரிய மற்றொரு நட்டமும் இருக்கிறது. நடக்கவோ ஓடவோ ஒருவருக்கு ஆசிரியர் அவசியமில்லை. குத்துச்சண்டை அப்படியல்ல. சுண்டுவிரலின் அடியிலுள்ள உள்ளங்கை எலும்பு முறிவதை வைத்தியர்கள் ‘குத்துச்சண்டைக்காரர் முறிவு’ என்று அழைப்பர். பெயர் அப்படி இருந்தாலும், அது பெரும்பாலும் முறையாகப் பயிலாதவர்களுக்கே நேர்கிறது. பயின்றவர் சுட்டுவிரல், நடுவிரல் முட்டிகள் படும்படி மணிக்கட்டை நேராக வைத்துக் குத்துவார். பயிலாதவர் கையை வீசி அடித்து வெளிப்பக்க எலும்பைக் கெடுத்துக்கொள்வார். இவ்வேறுபாட்டைக் கண்ணாடி காட்டாது. சுவரில் ஓடும் படமும் காட்டாது. அருகில் நின்று பார்க்கும் ஒருவர்தான் காட்ட முடியும்.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் கஸியஸ் கிளே என்ற 12 வயதுச் சிறுவனின் சைக்கிள் களவு போயிற்று. திருடனை உதைக்கப் போவதாகக் கொதித்த சிறுவனை, ஜோ மார்ட்டின் என்ற பொலிஸ்காரர் முதலில் சண்டை செய்யப் பழகிக்கொள்ளும்படி கூறித் தாம் நடத்திய பயிற்சிக்கூடத்துக்கு அழைத்தார். அச்சிறுவனே பின்னாளில் முகம்மது அலி என்று உலகம் போற்றிய வீரர். 1980இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடியவரும் அவரே. அந்தக் கூடத்தின் அலங்காரத்தை இன்று யாரும் நினைவு கூர்வதில்லை. ஜோ மார்ட்டினின் பெயரைத்தான் நினைவு கூர்கிறார்கள்.

நம்மவர் மரபும் இதையே சொல்கிறது. வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயர் சொல்லியே குத்துச்சண்டை வீரர் அறியப்பட்டனர். இன்ன வாத்தியாரிடம் பயின்றவர் என்பதே அடையாளம். தோட்டங்களில் சிலம்பம் பழகியவர்களுக்கும் இது புதிதன்று. தட்சிணை சிறிதாயிருக்கலாம், ஆனால் சீடன் இரண்டு நாள் வராவிட்டால் வாத்தியார் வீட்டுக்கே ஆள் அனுப்புவார். சீடன் களத்தில் தவறினால் அவமானம் வாத்தியாருக்கும் உண்டு. வராத மாணவனால் வாத்தியாருக்கு நட்டம். வராத அங்கத்தவரால் நிலையத்துக்கு இலாபம். பழைய கூடத்துக்கும் புதிய கூடத்துக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுதான்.

பழையதெல்லாம் பொன், புதியதெல்லாம் பித்தளை என்று சொல்வது எம் நோக்கமன்று. பழைய கூடங்களில் பெண்களுக்குப் பெரும்பாலும் இடமிருந்ததில்லை. புதிய கூடங்கள் அவர்களை மரியாதையோடு வரவேற்கின்றன. தலையில் அடிபடாமல் உடற்பயிற்சியின் நன்மையை மட்டும் பெறலாம் என்பதும் சிறிய அனுகூலமல்ல. நேர்மையாக நடத்துவோரும் இருக்கின்றனர். அவர்களுக்கு வாடகையும் சம்பளமும் பெருஞ்சுமை. அங்கத்தவருக்கும் கடமை உண்டு: இடம் பதிவு செய்துவிட்டு வராமலிருப்பவர், காத்திருக்கும் இன்னொருவரின் இடத்தைக் கெடுக்கிறார். ஆனால் கற்றுத் தருவதாகச் சொல்லிப் பணம் பெற்ற கூடம் கற்றுத் தராமலிருப்பதற்கு இவை சமாதானமாகா.

சேருமுன் கேட்க வேண்டியவை

கூடத்தில் சேர விரும்பும் மாணவரும் பெற்றோரும் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். தினமும் கற்பிப்பவர் யார்? அவர் யாரிடம் பயின்றவர், போட்டிகளில் பங்குபற்றியவரா, பயிற்றுநர் சான்றிதழ் உடையவரா? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? புதிதாகச் சேர்ந்தவருக்குத் தனியாக அடிப்படை வகுப்பு உண்டா, அல்லது முதல் நாளே பழகியவர்களோடு நிற்க வேண்டுமா? இலவச வகுப்பு பெரும்பாலும் கூடம் தன் சிறந்த முகத்தைக் காட்டும் வேளை. ஆகவே, வேலை நாளொன்றின் மாலையில் முன்னறிவிப்பின்றிச் சென்று ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். ஆசிரியர் எத்தனை பேரின் கையைத் தொட்டுத் திருத்துகிறார் என்று எண்ணுங்கள். ஒருவரையும் திருத்தவில்லையானால் அங்கே விற்கப்படுவது இசையும் வெளிச்சமுமே.

அடுத்தது ஒப்பந்தம். எவ்வளவு காலம் கட்டாயம், காலம் முடிந்தபின் தானாகவே நீடிக்குமா, விலக விரும்பினால் எத்தனை நாளைக்கு முன்பு யாருக்கு எப்படி அறிவிக்க வேண்டும், நோயுற்றால் இடைநிறுத்தலாமா ஆகியவற்றை ஒப்பமிடுமுன்பே வாசித்துப் பிரதியொன்றை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதத்துக்கு, விலை சற்றுக் கூடினாலும், வருகைக்கு வருகை பணம் கட்டும் முறையே நல்லது. நீண்டகாலச் சலுகை மலிவு என்பது தவறாமல் போகிறவருக்கு மட்டுமே உண்மை. உங்கள் வருகையை நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள். மாதம் பத்து நாளைத் தொட்டால் பிறகு சந்தாவை யோசிக்கலாம்.

ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் வாய் மூடி இருக்கத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, பொருள்களைப் பற்றி மட்டுமன்றிச் சேவைகளைப் பற்றியும் முறைப்பாடுகளை ஏற்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். அதன் தொலைபேசி இலக்கம் 1977. பணம் கட்டிய ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைப்பதன் அருமை அப்போதுதான் தெரியும். ‘இங்கே எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று படிவத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். நேர்மையற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய வாசகங்களுக்கு வரம்பிடுகிறது. தம் கவனயீனத்தால் ஒருவருக்கு உயிராபத்தோ காயமோ நேர்ந்தால், அப்பொறுப்பிலிருந்து ஓர் அச்சு வாசகத்தைக் காட்டி நழுவ முடியாது. சிறு தொகைப் பிணக்குகளைக் கட்டணமின்றிப் பேசித் தீர்க்க மத்தியஸ்த சபைகளும் இருக்கின்றன. நூறு ரூபாவுக்கு வாங்கிய குடை கிழிந்தால் கடைக்காரரிடம் போய்ப் பேசுகிற நாம், ஆயிரக்கணக்கில் கட்டிய சந்தாவுக்கு வாய் திறக்க ஏன் வெட்கப்பட வேண்டும்?

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த ஏமாற்றங்களில் மிகப் பெரியது பணநட்டமன்று. ‘எனக்கு இதெல்லாம் சரிவராது’ என்ற முடிவோடு ஓர் இளம்பிள்ளை உடற்பயிற்சியையே கைவிட்டு, வேலை முடிந்ததும் நாற்காலியிலும் தொலைபேசியிலும் ஆழ்ந்துவிடுவதுதான் பெரிய நட்டம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் இளவயதிலேயே தலைகாட்டும் இந்நாளில் அந்த முடிவின் விலையைக் குடும்பமே பின்னர் செலுத்த நேரிடும். பிள்ளை கூடத்தை விட்டு நின்றுவிட்டதாக அறிந்தால், ‘உனக்கு எதிலும் நிலையில்லை’ என்று கடிந்துகொள்ளாதீர்கள். அங்கே உனக்கு யார் சொல்லித் தந்தார், உன் கையை எத்தனை தடவை திருத்தினார் என்று கேளுங்கள். பதில் திருப்தியில்லையானால், குறை பிள்ளையிடம் மட்டுமில்லை என்பதை அவனுக்கோ அவளுக்கோ எடுத்துச் சொல்லுங்கள். பிறகு பாடசாலை மைதானமோ வீட்டு முற்றமோ போதும். ஒரு கயிற்றை வாங்கிக் கொடுத்து மூன்று நிமிடம் துள்ளி ஒரு நிமிடம் ஓயச் சொல்லுங்கள். 1867இல் வெளியான குவீன்ஸ்பரி விதிகள் குத்துச்சண்டைச் சுற்றுக்கு வகுத்த கால அளவு அதுவே. நல்ல வாத்தியார் ஒருவர் அகப்படும்வரை அந்தப் பழக்கம் உடம்பை ஆயத்தமாக வைத்திருக்கும்.